முடிச்சை அவிழ்த்தது நான்தான்

சில வருடங்களுக்கு முன், நானும் அக்காவும் குளிர்நாடு ஒன்றில், ரொம்சோஸ் என்ற ஊரில் ஒன்றாக இருந்தபோது, காட்டில் நடந்த இருவர் அணிப் போட்டி ஒன்றில் சேர்ந்தோம். முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், கடைசியில் ஏரியில் வள்ளம். வரைபடத்தில் குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர வேண்டும்.

அக்கா சேர்ந்ததே வள்ளத்துக்காகத்தான். ஓட்டத்தில் அவள் மெதுவானவள். அதனால் மற்ற அணிகளைப் போல இருவர் இடுப்பையும் ரப்பர் கயிற்றால் இணைத்திருந்தோம். நான் இழுக்க, அவள் வருவாள். பாதி வழியில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நீ ஆறுதலா வா அக்கா, நான் முன்னுக்குப் போய்ப் பாதை பாக்கிறன்" என்று கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த இடத்தில் ஒரே பனிமூட்டம். கால் மணி நேரமாகியும் அவள் வரவில்லை. கத்திக்கொண்டே திரும்பி ஓடினேன். சதுப்பில் தொடைவரை புதைந்து, ஒரு கிளையைப் பிடித்தபடி நின்றாள். அந்தக் கயிற்றை எறிந்துதான் இழுத்தெடுத்தேன்.

"கூப்பிட்டிருக்கலாமே" என்று அழுதேன்.

"கூப்பிட்டனான். பிறகு, நீ வருவாய்தானே எண்டு நிண்டிட்டன்."

குளிரில் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. வள்ளம் ஏறாமலே வீடு திரும்பினோம்.

அக்கா இப்போது கனடாவில். நான் யாருடன் ஓடினாலும் பின்னால்தான் ஓடுகிறேன். தனியாக ஓடும்போதும் ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்க்கிறேன். அக்கா வந்து சேரும் அளவுக்கு நேரம் விட்டுத்தான் மறுபடி ஓடத் தொடங்குகிறேன்.