தாளிக்காத வீடு

என்னைப் போல அம்மைத் தடுப்பூசி குத்துகிறவன் தெருவில் நுழைந்தால் நாய்கூட வீட்டுக்குள் போய்விடும். வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். திருவண்ணாமலையில் தீபக் கூட்டம் கலைந்த கையோடு பெரியம்மை தலைகாட்டிய காலம் அது.

எண்ணெய்

அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கும்போது கடுகு வெடிக்கக் கூடாது. நோயென்று வாயால் ஒருத்தரும் சொல்லவும் மாட்டார்கள். அதனால் சோறாக்கும் நேரம் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மோந்தபடியே நடப்பேன். வாசனை வராத வீட்டில் நின்றுவிடுவேன். அப்படித்தான் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கதவைத் தட்டி, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றேன். கஞ்சிச் சட்டியோடு வந்து நின்ற அம்மா சொன்னாள்: "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, எண்ணெய் வாங்கித்தான் பத்து நாளாச்சு."

வாசலில் கடுகு

என் மூக்கின் கதை அந்தத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வாரம் வள்ளி என்கிற பெண், பக்கத்து வீட்டில் தாளித்த கரண்டியை வாங்கிவந்து, தன் வாசப்படிக்கு வெளியே நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ரோட்லயா தாளிப்பாங்க?" என்றதும் அழுதுவிட்டாள். உள்ளே ஆறு வயசு மகள் வேப்பிலைமேல் படுத்திருந்தாள், உடம்பெல்லாம் முத்து. "ஊருக்கு வெளிய இருக்கிற அம்மை ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்கண்ணா." அவள் இடுப்பில் கைக்குழந்தை. அதன் கையில் குத்தின தழும்பு இல்லை.

"பொண்ணு இங்கயே தனியா இருக்கட்டும், ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன். பையனுக்கு இன்னிக்கே குத்தணும், நாள் போனா பிரயோஜனமில்ல." ஆத்தா இருக்கிற வீட்டில் எப்படி என்று தயங்கினாள். அப்புறம் ஆத்தாவையே கேட்டுவிடலாம் என்று மகள் முன் மண்டிபோட்டு, "தாயே, தம்பிக்குக் குத்தலாமா?" என்றாள். அந்த ஆறு வயசு ஆத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னது: "மெதுவாக் குத்தச் சொல்லு."

எட்டாம் நாள்

அன்றைக்கே குத்திவிட்டுத் தினமும் போய்ப் பார்த்தேன். எட்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். வள்ளி என் முகத்தையே பார்க்கவில்லை. குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்த்தேன். குத்தின இடத்தில் மட்டும் ஒரே ஒரு கொப்புளம். குத்து எடுத்திருந்தது, மருந்து பிடித்துவிட்டது! இருந்தும் இன்னொரு வாரம் பயந்துகொண்டேதான் போனேன். குழந்தைக்கு வேறெங்கும் ஒன்றும் வரவில்லை.

பெரியவளுக்குப் பக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஒருநாள், தெருமுனையிலேயே கடுகு வாசனை. வாசலில் தழும்பு முகத்தோடு அவள், மடியில் தம்பி. என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அம்மா, மூக்கு மாமா வந்துட்டாரு, இன்னும் கொஞ்சம் தாளி."

வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும், பக்கத்து வீட்டில் மத்தியானத்துக்குள் கடுகு வெடிக்காவிட்டால் என் கை தானாகக் கதவைத் தட்டப் போய்விடுகிறது.