நடுக்கம்பி இல்லாத சைக்கிள்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு புத்தம் புதுக் கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஒரு சைக்கிள். அதற்கும் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் தேங்காயும் கையுமாக... வேறு யார், நான்தான்!

கார்க்காரர் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்: "சாரே, இது புதிய வண்டியாணோ?"

"பாதி புதுசு" என்றேன். முழங்காலைத் தட்டிக் காட்டி, "இதுவும்தான்!"

போன மழைக்காலத்தில் எனக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. சைக்கிள் ஓட்டினால் முட்டிக்கு நல்லது என்றாள் பிசியோதெரபி பெண். ஆனால் காலைத் தூக்கி வீசி மட்டும் ஏறக்கூடாதாம்.

என்னுடையதோ கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய, யானை உயர சைக்கிள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்தக் கம்பியைத் தாண்டாமல் ஏறுவது எப்படி? ஒருநாள் திருட்டுத்தனமாக முயன்றேன். கால் பாதி வழியில் நின்றுவிட்டது. என் மனைவி ஜானகி ஓடிவந்து காலை இறக்கிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் ஆட்டோதானா?

விற்க மனசில்லை. மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கே சைக்கிள் கடை போட்டிருக்கும் செல்வராஜிடம் உருட்டிக்கொண்டு போனேன். ஜானகியும் துணைக்கு வந்தாள்.

"அந்தக் கம்பியை அறுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"அறுத்தா வண்டி மடங்கிப் போவும் சாரே. பழைய இரும்புக் கடையில இதே கம்பெனி லேடீஸ் பிரேம் ஒண்ணு, நடுக்கம்பி இல்லாதது, கெடக்கு. உங்க வீலு, ஹேண்டிலு, பெல்லு எல்லாத்தையும் அதுல மாட்டித் தாரேன். என்ன சொல்லுதிய?"

லேடீஸ் சைக்கிளா? நானா? அக்ரஹாரத் தெருவே சிரிக்காதா? முடியவே முடியாது என்றேன்.

"ஏன்னா, உங்களுக்கு முட்டி முக்கியமா, மீசை முக்கியமா?" என்றாள் ஜானகி.

தலையாட்டினேன். அப்புறம் அவள் என்னைவிட உற்சாகமாகிவிட்டாள். "செயின் கவர் முழுசா இருக்கட்டும், இவர் வேஷ்டி மாட்டிக்கும். சீட்டை நன்னா இறக்குங்கோ, கால் தரையில ஊணணும். முன்னாடி ஒரு கூடை... மாத்திரை வச்சுக்க!" என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

வண்டி வந்தது. கறுப்புப் பெயின்ட், அதே பழைய பெல், அதே தோல் சீட். காலை லேசாக உள்ளே நுழைத்தேன்... உட்கார்ந்துவிட்டேன்! மிதித்தேன். முட்டி மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது. கிழக்கேகோட்டை பஸ்களுக்கு நடுவே பெல் அடித்தேன். ஒரு பஸ்ஸும் மதிக்கவில்லை — எனக்கென்ன? சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. ஜானகி பின்னால் ஆட்டோவில் வந்தாள்.

அப்படி வந்து சேர்ந்த இடம்தான் பழவங்காடி. தேங்காய் உடைத்தேன், சிதறு காயாய்ச் சிதறியது. அடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்ற வேண்டும். செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால்... சைக்கிளைக் காணோம். நசுங்கிய பழம் மட்டும் கிடந்தது.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஜானகி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள்! ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"திருநெல்வேலில ஸ்கூலுக்கு சைக்கிள்லதான்னா போவேன்."

"இத்தனை வருஷமா சொல்லவேயில்லையே?"

"சொல்லி? புடவையோட அந்தக் கம்பியைத் தாண்ட முடியுமா?"

அவளுக்கும் அதே கம்பிதான் குறுக்கே நின்றிருக்கிறது. எனக்கு அது இந்த வருஷம்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் காலையில் அவள் காய் வாங்கச் சாலை மார்க்கெட்டுக்கு, மாலையில் நான் கோயிலுக்கு. கூடையில் இதுவரை என் மாத்திரை ஏறவில்லை, முருங்கைக்காய்தான் ஏறியிருக்கிறது.

லேடீஸ் சைக்கிள் ஆகிவிடுமோ என்று பயந்தேன் அல்லவா? ஆகியே விட்டது!