உப்புக்கொத்தியின் மூன்று முட்டைகள்

கடலோரத்துக்குப் பறவைகளைப் படமெடுக்கப் போகும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் தனித்தனி வேலை இருந்தது. கேமரா என்னிடம் இருக்கும். என் மனைவி எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். "நீங்க பறவையப் பாருங்க, நான் காக்காயப் பாக்குறேன்" என்று முதல் நாளே பிரித்துக்கொண்டுவிட்டாள். தரையில் கூடு வைக்கும் பறவையைப் படமெடுப்பவன் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை ஒரு சிறு சட்டத்துக்குள் அடைத்துக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் வானம் முழுவதும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மனிதன் குனிந்து எதையோ கவனிக்கும் இடத்தில் தின்ன ஏதாவது இருக்கும் என்பது காகத்துக்குத் தெரியும். அவள் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இரண்டு நிமிடம் ஆனதும், "போதும், நடங்க" என்பாள். அதற்குமேல் ஒரு நொடிகூடத் தந்ததில்லை.

இதனால் தாய்ப்பறவை திரும்பி வந்து முட்டைகளின்மேல் அமரும் காட்சி எங்கள் சேகரிப்பில் ஒன்றுகூட இல்லை. மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில் பழைய படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒக்காந்த மாதிரி ஒண்ணுகூட இல்ல பாருங்க" என்றாள். அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டேன். வேண்டுகோள்தானா என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசியில் அவள் இறந்தாள்.

பங்குனியில், அந்த ஒரு படத்துக்காக மட்டும், வில்லியனூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தேன். தவளக்குப்பத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பனித்திட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. கடற்கரையில் ஒரு பெண் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கவிழ்த்த படகின் நிழலில் வலையைப் பிரித்துப் போட்டிருந்தார். நாங்கள் வருவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார்கள், பேசியதில்லை.

கருவாட்டுப் பரப்பைத் தாண்டி, அலை எட்டாத மேட்டில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய கரைப்பறவையான உப்புக்கொத்தியின் கூடு ஒன்று இருந்தது. கூடு என்பது மரியாதைக்குச் சொல்வது. மணலில் ஒரு குழி, சில கிளிஞ்சல் துண்டுகள், மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள். என்னைக் கண்டதும் உப்புக்கொத்தி எழுந்து ஓடிற்று. சற்றுத் தள்ளிப் போய், ஒரு சிறகு ஒடிந்ததுபோல் மணலில் இழுத்துக்கொண்டு தத்தளித்தது. எதிரியைத் தன் பின்னால் இழுத்துச் செல்லும் நடிப்பு அது. கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்தவன் நான். இந்த நடிப்பைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். சுடுமணலில் மூடாமல் கிடக்கும் முட்டைக்குள் உயிர் எவ்வளவு விரைவில் கருகும் என்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

பதினைந்து அடி தள்ளி மணலில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றிக்கொண்டேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை.

படகின் பக்கமிருந்து பேச்சு மட்டும் காற்றில் வந்தது.

"யாருடி அது, காலங்காத்தால சாராயத்தப் போட்டுட்டு மல்லாந்து கெடக்கறது?"

"மல்லாந்து எங்க கெடக்கறாரு, குப்புறத்தான் கெடக்கறாரு. அந்தக் குருவிப் படம் புடிக்கற சாருய்யா. உன்ன மாதிரின்னு நெனச்சிக்கினியா?"

உப்புக்கொத்தி நடிப்பைக் கைவிட்டது. நாலடி ஓடும், நிற்கும், என்னைப் பார்க்கும், திரும்பிப் போகும். மறுபடியும் வரும். எத்தனை முறை என்று எண்ணவில்லை. என் கழுத்து மரத்துப்போயிற்று. முதுகில் வெயில் சுட்டது; அது சுட்டபோதே முட்டைகளையும் நினைத்திருக்க வேண்டும். இறுதியில் பறவை குழியின் விளிம்புக்கு வந்து, வயிற்று இறகுகளைத் தளர்த்தி, இடமும் வலமும் அசைந்து மூன்று முட்டைகளின்மேலும் இறங்கி அமர்ந்தது. வரிசையாகப் படங்களை எடுத்தேன். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு துல்லியமான படம் எனக்குக் கிடைத்ததில்லை.

எழுந்து நின்றேன். பறவை மீண்டும் கலைந்து ஓடியது. அப்போதே நான் நடந்திருக்க வேண்டும். அங்கேயே நின்று, தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்து, கேமராவின் திரையில் படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, திரையை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அவள் உயரத்துக்கு ஏற்றபடி எப்போதும் சாய்ப்பது போல. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

"சார்! யோவ் சாரு! காக்கா, காக்கா!"

திரும்புவதற்குள் ஒரு காகம் அலகில் முட்டையோடு சவுக்குத் தோப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று குழிக்குள் தலையை நுழைத்திருந்தது. தொப்பியை வீசினேன். அது நிதானமாக விலகிப் பறந்தது. இரண்டாவது முட்டை உடைந்து, மஞ்சள் கரு மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது அப்படியே இருந்தது.

கருவாட்டுக்குக் காகம் ஓட்டும் கோலோடு அந்தப் பெண் ஓடிவந்து நின்றாள்.

"இன்னா சார் இது? படிச்சவருதானே நீ? எடத்தக் காட்டிக் குடுத்துக்கினு ஒரு மணி நேரமா கெடந்தியே!"

"தப்புதாம்மா."

"உங்கூட ஒரு அம்மா வருமே, தொப்பி போட்டுக்கினு. அது இருந்தா இவ்ளோ நேரம் வுட்டிருக்குமா? இன்னிக்கி இன்னா, வரலியா?"

"அவங்க இல்லம்மா. ஐப்பசியில தவறிட்டாங்க."

அவள் கோலைத் தாழ்த்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழியைப் பார்த்தாள். பிறகு என்னை.

"சரி, இங்க நிக்காத சார். நீ நின்னா குருவி வராது, அந்த ஒண்ணும் வெந்துரும்." படகுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "யோவ், அந்த மீன் கொடல எடுத்தாந்து தெக்கால வீசுய்யா! இதுங்க அந்தாண்ட போவட்டும்!"

"சோத்துக்கு வச்சதையா?"

"கொடலத் தின்னப் போறியா நீ? வீசுய்யான்னா!"

அவர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தார். காகங்கள் ஒவ்வொன்றாக அவர் தலைக்குமேல் சேர்ந்தன. நான் வடக்கே நடந்தேன், திரும்பிப் பார்க்காமல், சவுக்கு வரிசை வரைக்கும். அங்கிருந்து தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன்.

உப்புக்கொத்தி வந்தது. உடைந்த முட்டையோட்டை அலகால் எடுத்துச் சிறிது தூரம் கொண்டுபோய்ப் போட்டது. திரும்பி வந்து, மூன்று முட்டைகளுக்கும் விரித்த அதே அகலத்துக்கு இறகுகளை விரித்து, ஒன்றின்மேல் அமர்ந்தது.

எடுத்த படங்கள் இருக்கின்றன. நல்ல படங்கள். யாருக்கும் அனுப்பவில்லை. அந்த ஒரு முட்டை பொரிந்ததா என்று எனக்குத் தெரியாது; அந்த வெயிலுக்குப் பிறகு அதற்குள் உயிர் இருந்ததா என்பதுகூடத் தெரியாது. போய்ப் பார்த்திருக்கலாம், ஆனால் நான் போகும் வழியிலேயே காகமும் வரும்.