பின் சீட்டில் ஏற்றிப் பார்த்த பாரம்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளை எல்லாரும் 'டிரம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டப்பெயரில் கேலி பாதி, மரியாதை பாதி. ஆள் பருமன் என்பதற்குக் கேலி. மரியாதைக்குக் காரணம் வேறு. ஆறு சலவை இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் இரைச்சலில், எந்த டிரம்மில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றபடியே, பாதத்தில் ஏறும் அதிர்வை வைத்துச் சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒருமுறை அவளாகவே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தா கதவு பிச்சுக்கிட்டுப் பறந்திருக்கும். யாராச்சும் செத்திருப்பாங்க" என்றார்.

வீட்டில் இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. அவள் கணவர் கொரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறவர், வயது ஐம்பத்து மூன்று. மூன்று வாரமாக அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய வண்டிக் கடையில் ஒரு குரூசர் பைக்கைப் பார்த்துவிட்டார். தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி போகலாம். வாங்கலாமா, வேண்டாமா? காலையில் வாங்கலாம் என்பார், சாயங்காலம் வேண்டாம் என்பார். அவளிடம் மட்டும் கேட்கமாட்டார். இவளிடம் அபிப்பிராயம் கேட்பதற்குப் பதில் சுவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவருடைய கட்சி.

அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை காலையில், "கிளம்பு, வண்டி பார்க்கப் போறோம்" என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'போறோம்' என்றாரே! பீரோவைக் கவிழ்த்து மூன்று உடுப்பு மாற்றினாள். பின் சீட்டில் உட்கார்ந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடக் கண்ணாடி முன்னால் நின்று யோசித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போன இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் இரண்டு சாவு வீடு. அசட்டு ஜென்மம், ஆசைப்பட்டுவிட்டது.

கடைக்காரர் சாவியை நீட்டினார். "ஆளை ஏத்தி ஓட்டிப் பாருங்க சார். பின்னாடி பாரம் இருந்தாத்தான் வண்டியோட வண்டவாளம் தெரியும்."

"அதுக்குத்தானே இவளைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் கணவர். "எண்பத்து நாலு கிலோ. நம்ம கண்ணே தராசு சார், நூறு கிராம் தப்பாது. இதைவிட நல்ல மூட்டை எங்க கிடைக்கும்?"

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடவே அவளும் சிரித்தாள். சிரிக்காமல் நின்றிருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

வேகத்தடைகளை அவர் வேண்டுமென்றே வேகம் குறைக்காமல் தாண்டினார். ஒவ்வொன்றிலும் அவளைத் தூக்கிப் போட்டது, நங்கென்று விழுந்தாள். "அடி தட்டுச்சா?" என்று கேட்டார். வண்டியின் அடிப்பாகத்தைத்தான் கேட்டார். "இல்லீங்க" என்றாள். பிடிமானத்துக்கு அவர் தோளைத் தொட்டதும், "கையை எடு, பாலன்ஸ் போகுது" என்று ஒரு அதட்டல்.

பெரிய சாலையில் வண்டி வேகம் எடுத்தது. அப்போதுதான் அது அவள் இடுப்பில் ஏறியது. மெல்லிய ஓர் அரைப்பு, ஒரு பக்கமாக ஓர் உதறல். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. பின் சக்கரத்து பேரிங் போய்விட்டது, எந்த நேரமும் உடையும். சைலன்சர் சத்தத்தில் சொக்கிப்போய் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிய வழியில்லை. இறங்கியதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள். தன்னை மூட்டை என்றவரை அதற்குள் மன்னித்தும் விட்டாள்.

இறங்கியதும் அவர்தான் முந்திக்கொண்டார், வாயெல்லாம் பல்லாக. "வண்டி கல்லு மாதிரி இருக்கு சார்! இந்தப் பின் சீட்டு நாலு போல்ட்டுதானே? கழட்டிடுங்க. ஒத்த சீட்டுதான் இதுக்கு அழகு."

"அப்ப அக்கா எதுல வருவாங்க?"

"அவளுக்கென்ன, பஸ் இருக்கு. இவளை ஏத்திட்டுச் சுத்தவா சார் இந்த வண்டியை வாங்கறேன்? பார்க்கறவன் சிரிப்பான்."

கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துவந்து கழற்றினார். கழற்றிய சீட்டை வைக்க இடம் இல்லாமல் அவள் கையிலேயே கொடுத்தார். அதில் இன்னும் சூடு ஆறவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ அவமானங்களை விழுங்கிப் பழகியவள்தான். இது தொண்டைக்குள் இறங்கவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவருக்குக் கடைசி நேரத்தில் பழைய சந்தேகம் வந்துவிட்டது. திரும்பினார்.

"ஏய், பின்னாடி ஏதாச்சும் ஆட்டம் தெரிஞ்சுதா? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடு. வாங்கட்டுமா, வேண்டாமா?"

முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்கு அவர் காத்துக்கொண்டு நின்றார். அவளும் அவசரப்படவில்லை.

"ஒண்ணும் தெரியலைங்க" என்றாள். "வேகமாப் போறப்ப இன்னும் நல்லா இருந்துச்சு."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார், ஏறினார், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். தெருமுனையில் சிவப்பு விளக்கு விழுந்து வண்டி நின்றது. கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். கடைக்காரர் அவளுக்கு பஸ் நிறுத்தத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், எந்த நம்பர் பஸ் என்று திருப்பியும் விசாரித்தாள். விளக்கு பச்சையானது.