ட்ரைவர் பக்கம்

பிழை என்னுடையது. அதை அன்றைக்கே எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஆனால் நான் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தப் பிழை நடந்திருக்காது என்று யாராவது சொல்ல வந்தால், நான் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த எஞ்சினே இருந்திருக்காது என்பதுதான் என் பதில்.

என் கணவர் இத்தாலியில், பலெர்மோ நகரின் கபோ சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிய தெருவொன்றில் உள்ள கராஜில் வேலை செய்கிறார். ஆறு வருடமாக ரயர் மாற்றினார், ஒயில் மாற்றினார், பிரேக் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் எஞ்சின் பிரித்துப் பூட்டிய ஆள். இங்கே அவருடைய கையில் ஒரு எஞ்சினைக் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை.

பிறகு அந்தக் கார் வந்தது. நகரின் பொலிதேயாமாப் பகுதியில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் ஒருவருடையது. அவருடைய பெரியப்பா அமெரிக்காவில் இருந்து திரும்பும்போது கப்பலில் ஏற்றி வந்த, அறுபதுகளில் செய்த, நீளமான இரண்டு கதவுக் கார். அதன் பழைய எஞ்சின் இறுகிச் செத்துப்போயிருந்தது. கடைக்காரர் வேறொரு எஞ்சினை மரப்பெட்டியில் வரவழைத்திருந்தார். எட்டு சிலிண்டர், ஏழு லீற்றர், பிக் புளொக் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் அதை வைத்தால் கதவு மூடாது. அதுவும் துருவேறித்தான் இருந்தது. முழுவதும் பிரித்து, புதுப்பித்து, இந்தக் காருக்குள் இறக்க வேண்டும்.

முதலாளி மரப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இந்தத் தெருவுக்கு வருவதெல்லாம் நாலு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும் சின்னக் கார்கள். கூட வந்த கைநூலோ ஆங்கிலத்தில், போட்டோகொப்பி.

"உன் மனைவி ஆங்கிலம் வாசிப்பாள் என்றால் நீ செய்து பார்" என்று என் கணவரிடம் சொன்னார். "மாதக் கடைசிச் சனிக்கிழமை கார்க்காரர் வருவார். அன்றைக்கு ஸ்டார்ட் வரவில்லை என்றால் பக்கத்து ஊர் பகேரியாவில் இருக்கிற ஆளிடம் அனுப்பிவிடுவேன். நீ திரும்பவும் ரயருக்குப் போகலாம்."

காலையில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் துப்பரவு வேலை செய்கிறேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் நான். இங்கே வந்தபிறகு என் கணிதம், அந்த வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெசினை எத்தனை பாகையில் விடுவது என்பதோடு நின்றுவிட்டது. மதியம் வேலை முடிந்ததும் இரண்டரை வயது மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கராஜுக்குப் போகத் தொடங்கினேன்.

முதல்நாளே சிக்கல். எந்த போல்ட்டை எவ்வளவு விசையில் இறுக்குவது என்று கைநூல் அமெரிக்க அளவில் சொன்னது. கராஜில் இருந்த, விசையைக் காட்டும் நீள ஸ்பானரில் அந்த அளவு இல்லை.

"இதிலை அடி-இறாத்தல் எண்டு கிடக்கு. மாத்தித்தான் சொல்லவேணும்" என்றேன்.

"ஒரு றாத்தல் பாண் எனக்குத் தெரியும்" என்றார் அவர், எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே. "அடி றாத்தல் என்னப்பா? அடிபட்டு வாங்கிற பாணோ?"

"பகிடி விடாதேங்கோ. பிழைச்சால் போல்ட் முறியும்."

"அப்ப நீர் வடிவாய்க் கணக்குப் பாரும். நான் பாணைப் பாக்கிறன்."

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று தரம் போட்டேன். நாலாவது தரம் போட்டபோது அவர் சிரித்தார், ஆனால் காத்திருந்தார். என் சுபாவம் அது. வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள் திரும்ப ஏறிப்போய்ப் பார்ப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இதைக் குறையென்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எஞ்சினின் நடுவில் சுழலும் தண்டான கிராங் ஷாஃப்ட்டைப் பூட்டும்போது, அதற்கும் பெயரிங்குக்கும் நடுவில் மெல்லிய மெழுகு நூலை வைத்து மூடியை இறுக்கிக் கழற்ற வேண்டும். நூல் எவ்வளவு நசிந்து அகன்றிருக்கிறதோ அதை வைத்து இடைவெளி தெரியும். மூன்றாவது மூடியில் எனக்குச் சமாதானம் வரவில்லை. "எல்லாம் சரியப்பா" என்றார் கணவர். இல்லை, திரும்பக் கழற்றுங்கோ என்றேன். கழற்றினார். பெட்டியில் வேறு அளவுப் பெயரிங் ஒன்று கலந்து வந்திருந்தது. அப்படியே பூட்டியிருந்தால் எஞ்சின் முதல்நாளே இறுகியிருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது மச்சாள், என் கணவரின் அக்கா, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைக்குச் சோறு தீத்திற கையே இது? நகத்துக்குள்ளை என்னடி கறுப்பு?"

"கிறீஸ், மச்சாள். மூண்டு தரம் கழுவினனான்."

"படிச்ச பொம்பிளை எண்டு பாத்துக் கட்டிவைச்சம். இப்ப கராஜுக்குள்ளை நிக்கிறாய். ஆம்பிளையள் என்ன கதைக்கினம் தெரியுமோ?"

"கதைக்கட்டும். அவைக்கு இங்கிலீஷ் தெரிஞ்சால் வந்து வாசிச்சுத் தரட்டும்."

மச்சாளோடு நான் அப்படிக் கதைத்ததில்லை. தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்போமா என்று இரண்டு தரம் யோசித்தேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை திரும்பவும் போனேன்.

கடைசி வாரம் எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி இறக்கினார்கள். அடியில் ஒயில் தொட்டி சட்டத்தில் முட்டியது. திரும்பத் தூக்கி, எஞ்சின் அமரும் தாங்கிகளை என் கணவர் புதிதாக வெட்டி ஒட்டினார். முன் ஸ்பிரிங்குகளை மாற்றினார், பெரிய ரேடியேட்டர் வைத்தார். வெள்ளிக்கிழமை மிஞ்சியது, சிலிண்டர்களுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் வயர்கள் மட்டும். எட்டு வயர், வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு. எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்பதைக் காட்டும் படம் போட்டோகொப்பியில் ஒரே கறுப்பாக விழுந்திருந்தது. கீழே ஒரு வரி மட்டும் தெரிந்தது: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ட்ரைவர் பக்கம். மற்றவை மறுபக்கம்.

வீட்டுச் சமையலறையில் இருந்து அதை ஒரு பெரிய தாளில் வரைந்தேன். எஞ்சினை மட்டும் வரைந்து, முன், பின், வலது, இடது என்று தமிழில் எழுதி, எண்களைப் போட்டேன். என் கணவர் தாளைப் பார்த்து எண் எண்ணாக வயரைச் செருகினார்.

சனிக்கிழமை கடைக்காரர் நல்ல சட்டை போட்டு வந்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் வாசலோரம் நின்றேன். என் கணவர் உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் சுழன்றது, இருமியது. பிறகு வெடி போட்டமாதிரி ஒரு சத்தம். கார்பரேட்டரில் இருந்து நெருப்பு ஒரு முழம் எழுந்தது.

அவர் பாய்ந்து இறங்கி ஈரச் சாக்கை எடுத்து மேலே போட்டார். "சுவிச்சை நிப்பாட்டும்! பெற்றோல் ஓடுது!" என்று கத்தினார். பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, திறப்பை நிறுத்தும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கும். மகளை வெளியே தெருவில் இறக்கிவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தேன். அங்கே ஸ்டியரிங் இல்லை.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் இருக்கை. ஸ்டியரிங் மற்றப் பக்கத்தில் இருந்தது. இருக்கையில் குறுக்கே விழுந்து கையை நீட்டித் திறப்பைத் திருப்பினேன். அப்படிக் கிடந்தபடியேதான் விளங்கியது. நான் ஓடியது வலப்பக்கக் கதவுக்கு. அப்பாவின் காரில் ட்ரைவர் வலப்பக்கம். ஊரில் ஓடிய எல்லா வாகனத்திலும் வலப்பக்கம். பலெர்மோவில் நான் கார் ஓட்டியதில்லை, பஸ்ஸில் பின்கதவால் ஏறி இறங்குகிறவள். ட்ரைவர் பக்கம் என்று வாசித்ததும் கை தானாக வலப்பக்கம் எழுதிவிட்டது. எல்லாவற்றையும் நாலு தரம் பார்க்கிற நான் அதை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நெருப்பு அணைந்திருந்தது. "போதும்" என்றார் முதலாளி. "திங்கள் பகேரியாவுக்குப் போகட்டும்." தொலைபேசியை எடுத்தார். என் கணவர் கருகிய புருவத்தோடு, சாக்கைப் பிடித்தபடி நின்றார்.

தமிழில் அவருக்கு மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் திருத்திவிடுவார், யாருக்கும் தெரியாது. ஆனால் யாருக்கும் தெரியாவிட்டால், எஞ்சின் தெரியாத ஆள் என்று அவர் பெயரில்தான் இருக்கும். தெரிந்தால், இனி என்னை உள்ளே விடமாட்டார்கள். இருந்தும் இத்தாலிய மொழியில், தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

"பிழை என்னுடையது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. வயர்களைப் பக்கம் மாற்றி எழுதியது நான். பத்து நிமிடம் தாருங்கள்."

"சிஞ்ஞோரா, நீங்கள் முதலில் பிள்ளையைத் தூக்குங்கள்" என்றார் முதலாளி.

தெருவில் நின்ற மகளைத் தூக்கினேன். கொண்டுபோய் முதலாளியின் கையில் கொடுத்தேன். அவர் தொலைபேசியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. மகள் அவருடைய மீசையைப் பார்த்து, "பூம்! அங்கோரா!" என்றாள். இன்னொருதரம் வெடிக்க வேண்டுமாம்.

நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தோம்.

"எந்த நாட்டுக் காரையப்பா கீறினனீர்?"

"எங்கடை நாட்டுக் காரை."

"நல்லகாலம், பிரேக்கை நீர் கீறேல்லை."

எட்டு வயரையும் கழற்றி மாற்றினோம். ஒவ்வொன்றையும் நான் விரலால் தொட்டுக்கொண்டே போய் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். இந்தமுறை மகள் தெருவுக்கு அந்தப் பக்கம், முதலாளியின் தோளில். கணவர் திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேல்மாடியில் ஒரு கிழவர் வந்து எங்கள் எல்லாருடைய குடும்பத்தையும் திட்டினார். ஒயில் அழுத்தம் காட்டும் முள் ஏறி நிற்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் காரின் மூக்கில் கையை வைத்தபடி அப்படியே நின்றார்.

முதலாளி மகளைத் திருப்பித் தந்தார். கணவரிடம், அடுத்த எஞ்சினும் உனக்குத்தான் என்றார். என் பக்கம் திரும்பி, "கைநூல் தாள்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், சிஞ்ஞோரா. இது பிள்ளை நிற்கிற இடமில்லை" என்றார்.

பிள்ளையைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்த நெருப்பு எழுந்தபோது அவள் என் இடுப்பில் இருந்தாள். அதை நினைத்து எத்தனையோ நாள் விழித்திருந்திருக்கிறேன். ஆனால் வீட்டில் இருந்து வாசித்ததால்தான் நான் பிழைவிட்டேன். காருக்குப் பக்கத்தில் நின்று வரைந்திருந்தால் ஸ்டியரிங்கைக் கண்டிருப்பேன்.

"தாள் இங்கேயே இருக்கட்டும், நானும் இங்கே நிற்பேன்" என்றேன். "பிள்ளைக்கு மூலையில் இருக்கிற அந்தக் கண்ணாடி அறையைத் தாருங்கள். கதவைப் பூட்டலாம், கண்ணாடியால் அவள் என் கண்ணுக்கும் தெரிவாள்."

அவர் தன் தலையில் விரல் மடக்கித் தட்டிக் காட்டினார், என் தலை கல் என்று. முடியாது என்று அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மகளின் விளையாட்டுச் சாமான் பையோடு போனேன். அந்த அறை நிறையப் பழைய ரயர்கள். ஒவ்வொன்றாக உருட்டித் தெருவில் விட்டேன். முதலாளி ஓடி வந்தார்.

"சிஞ்ஞோரா, அதெல்லாம் நல்ல ரயர்!"

"நல்லதென்றால் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றேன்.