டயரின் உள் ஓரம்

செம்பூரில் தனியாக இருக்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். இத்தகைய காரை மற்றவர்கள் உறை போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்கள். நான் வருடத்துக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். காலையில் மலைமேல் இருக்கும் லோணாவளா வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அங்கே வேலை எதுவும் கிடையாது. வீட்டில் இருப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

சென்ற மழைக்காலத்தில், மலைப்பாதை வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே வழுக்கிப் போய், தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இறங்கிப் பார்த்தேன். டயர்கள் நன்றாகவே தெரிந்தன. மழைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, தாராவியில் நான் வழக்கமாகப் போகும் மேலப்பாளையத்துப் பாயின் டயர் கடைக்கு மெதுவாக வந்து சேர்ந்தேன்.

பாய் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னார். முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மொட்டையாகிக் கம்பி தெரிந்தது.

"இந்த மாதிரி வண்டிக்கு உள்பக்கந்தான் சார் முதல்ல தேயும். நின்னு பாத்தா தெரியாது" என்றவர், மீட்டரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் ஓட்டுதீங்களே, வீட்ல சொல்லிட்டுத்தான போறீங்க?" என்று கேட்டார்.

புது டயர் என்ன விலை என்று கேட்டேன்.

புது டயர் மாட்டி முடித்ததும், "ஒரு வாரத்துக்கு, போய்ச் சேந்ததும் போன் போடுங்க சார். டயர் எப்படி ஓடுதுன்னு சொல்லுங்க" என்றார்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் ஸ்டியரிங்கை ஒடித்து, டார்ச் அடித்து உள் ஓரத்தைப் பார்க்கிறேன். போய்ச் சேர்ந்ததும் பாய்க்குப் போன் செய்கிறேன். அவர் சொன்ன ஒரு வாரம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. டயர் நன்றாக ஓடுகிறது என்றுதான் தினமும் சொல்கிறேன். "சரி சார், பாத்து வாங்க" என்கிறார்.