ப்ளம் மரத்தடிக் கம்பம்

அலோய்ஸ் இம்ஃபெல்ட் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் திறக்கும். ஆளைப் பார்க்க அல்ல, அவர் வண்டியின் மேல் கட்டியிருக்கும் கம்பங்களைப் பார்க்க. சூரிச்சில் யார் எதைக் கட்டினாலும் செங்கல்லுக்கு முன் கம்பம் வந்தாக வேண்டும். வரப்போகும் கட்டடத்தின் மூலைக்கு ஒரு கம்பம், கூரை எந்த உயரமோ அந்த உயரத்தில் அதன் மேல் ஒரு மரச்சட்டம். ஆகாயத்தில் கோடு கிழித்தது போல அது சில வாரம் நிற்கும். ஊர் அண்ணாந்து பார்க்கும், பேசும், பிடிக்காதவர்கள் ஆட்சேபம் எழுதுவார்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தக் கம்பங்களை நடுவதுதான் அலோய்ஸின் பிழைப்பு. அதனால் ஊர்ப் பேச்சில் முதல் பங்கு அவருக்கு வந்து சேரும்.

"எங்க பால்கனி வெயிலத் திருட வந்திருக்கீங்களா?" என்று நாயோடு நிற்கும் பெண்மணி கேட்பார்.

"நான் கம்பம் மட்டும்தான் நடறேன், மேடம்."

"பாக்க ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கப்போகுது. அதுக்கு நீங்களும் உடந்தை."

"கம்பம் மட்டும்தான், மேடம்."

முப்பது வருடமாக அவருக்கு இந்த ஒரே பதில்தான். கூட வேலை செய்யும் கோரான், "பாஸ், இதை ஒரு அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டிக்கலாம். தொண்டையாவது மிச்சமாகும்" என்பான்.

ஃப்ரிட்ஜ், சவப்பெட்டி, பல் டாக்டர் வீடு, சீஸ் துருவி என்று இன்னும் பிறக்காத கட்டடங்களுக்கு ஊர் வைத்த பெயர்களெல்லாம் அலோய்ஸுக்கு அத்துப்படி. வேறு சிலரும் வருவார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இது எப்போ முடியும்? வாடகைக்கு விடுவாங்களா?" என்று கேட்பார்கள். அவர்கள் திட்டுவதில்லை. தெரியாது என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நட்டு முடித்ததும் அலோய்ஸ் கம்பங்களுக்கு நடுவில் புல்லில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிப்பார்.

"இன்னிக்கு யார் வீட்டுல சாப்பாடு, பாஸ்?"

"தரைத்தளம். படுக்கையறைன்னு நினைக்கிறேன். செருப்பக் கழட்டு."

கட்டடம் அழகா அசிங்கமா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கென்று இருந்த கர்வம் ஒன்றே ஒன்று. கட்டடக் கலைஞர்கள் போடும் படத்தில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை. வானம் நீலம், மரங்கள் பச்சை, ஒரு பெண் சிரித்துக்கொண்டே சைக்கிளில் போவாள். கம்பத்தில் இந்த ஜாலம் எதுவும் கிடையாது. இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம், அவ்வளவுதான்.

அவர் குடியிருந்தது ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில். மஞ்சள் பூச்சு, மூன்று மாடி, சுவர் அப்பளம் மாதிரி. மேலே வால்தெர் தும்மினால் கீழே ஹெடி தன் சமையலறையிலிருந்தே "ஆரோக்கியம்!" என்று வாழ்த்துவார். குடியிருப்பவர்களே உடைமைக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், கை தூக்கி முடிவெடுப்பார்கள், பிறகு உருளைக்கிழங்கு சாலடும் பன்றித்தொடையும் சாப்பிடுவார்கள். அங்கே வயது பார்ப்பதில்லை, எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

ஹெடி ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடித்தளத்திலிருந்த துணி துவைக்கும் அறையில் செவ்வாய் அவர் முறை, புதன் அலோய்ஸ் முறை. முறை தவறினால் அந்த வீட்டில் கொலைப்பழியே வரும். புதன் காலை அலோய்ஸ் இறங்கிப் போனால் இயந்திரம் துடைத்திருக்கும், அதன் மேல் தட்டு போட்டு மூடிய 'வேயே' பலகாரம் ஒரு துண்டு இருக்கும். மாவுத் தகட்டின் மேல் பிளந்த ப்ளம் பழங்களை அடுக்கிச் சுட்டது. பழம் முற்றத்து மரத்திலிருந்து. அதை யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தது. ஆனாலும் பழுக்கும் நாளை அறிவிக்கும் உரிமை ஹெடிக்கு மட்டும். குளிர்காலத்துக்கும் சேர்த்துப் பழத்தை உறையவைத்திருப்பார்.

அந்த வருடம் பனி உருகும் சமயத்தில் கூட்டுறவின் தலைவி ஊர்சினா எல்லாரையும் கூட்டினாள். வீட்டை இடித்துவிட்டு ஏழு மாடி கட்டலாம். வீடுகள் இரண்டு மடங்காகும், லிஃப்ட் வரும், இப்போது இருப்பவர்களுக்கு முதல் உரிமை. சுவரில் படம் விழுந்தது. அதிலும் ஒரு பெண் சைக்கிளில் சிரித்தாள்.

"என் முட்டி ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சு" என்றார் வால்தெர். "லிஃப்ட் வருதுன்னா நரகத்துக்கும் சம்மதம்."

"நீ எப்படியும் அங்கதான் போவ, லிஃப்ட் எதுக்கு?" என்றார் ஹெடி. பிறகு எழுந்தார். "ஊர்சினா, வாடகை ஏறும், அது ஒண்ணு. மரம் என்னாகும், அது ரெண்டு. படத்துல எல்லாரும் அழகுதான். முதல்ல கம்பத்த நடுங்க, பாத்துட்டுக் கை தூக்கறோம். நம்ம அலோய்ஸ் இருக்கானே. அவன் கம்பம் பொய் சொல்லாது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அலோய்ஸ் தன் சாலடைப் பார்த்தார். கர்வமாகத்தான் இருந்தது.

கம்பம் நட்ட அன்று மரம் முழுக்கப் பூ. அளந்துவிட்டுப் போனவர்கள் மூலைகளில் ஆணி அடித்திருந்தார்கள். ஒரு ஆணி சரியாக ப்ளம் மரத்தின் வேரோரம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. அங்கே கம்பத்தை நிமிர்த்த வேண்டுமானால் பெரிய கிளையை வெட்ட வேண்டும். அங்கே சுவர் வருமானால் மரமே இருக்காது என்பது வேறு விஷயம்.

கோரான் ரம்பத்தை எடுத்தான். "வெட்டவா, பாஸ்?"

அலோய்ஸ் அண்ணாந்து பார்த்தார். பூவுக்குள் தேனீக்கள் இரைந்தன. இரண்டாம் மாடி ஜன்னலில் ஹெடி கைகட்டி நின்றிருந்தார்.

"மரத்துக்கு வீட்டுப் பக்கமா தள்ளி நடு."

"நெஜமாவா? நீங்களா சொல்றீங்க?"

"இப்போதைக்குத்தான். பூ உதிரட்டும், மாத்திடலாம்."

முடித்த கொஞ்ச நேரத்தில் ஹெடி ஒன்பது மணிக் காப்பியோடு இறங்கி வந்தார். கம்பத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திரும்பக் கம்பத்தைப் பார்த்தார்.

"மரம் கட்டடத்துக்கு வெளியில நிக்குது, அலோய்ஸ்."

சொல்லியிருக்க வேண்டும். வாயில் காப்பி இருந்தது, சூடாக இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் ஹெடி அடிமரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "தப்பிச்சுட்டடா" என்று மரத்திடம் பேசிக்கொண்டிருந்தார். அலோய்ஸ் காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

பூ உதிர்ந்தது. பிஞ்சு விட்டது. இன்று மாற்றலாம், நாளை மாற்றலாம் என்றே நாள் போயிற்று. ஹெடி சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "மரம் நிக்கப்போகுது, நானே பாத்தேன். வாடகைய ஊர்சினாகிட்ட சண்டை போட்டுக் குறைச்சுக்கலாம். பாவம், வால்தெருக்கு லிஃப்ட் வரட்டும்." வேண்டாம் என்றிருந்த பாதி வீடு இந்தப் பக்கம் சாய்ந்தது. வரைபடத்தில் அந்த மரம் கிடையாது. வரைபடம் நுழைவாயிலிலேயே ஒட்டியிருந்தது. ஆனால் கம்பம் நிற்கும்போது காகிதத்தைக் குனிந்து பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

ஓட்டெடுப்பு அன்று ஹெடி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "நான் எதிர்த்தவதான், எல்லாருக்கும் தெரியும். கம்பத்தப் பாத்தப்புறம் மனச மாத்திக்கிட்டேன். இன்னிக்கு என் கை மேல போகும்" என்று சொல்லி உட்கார்ந்தார். சிலர் மேசையைத் தட்டினார்கள்.

"வேற யாராவது பேசணுமா?" என்றாள் ஊர்சினா, வழக்கத்துக்குக் கேட்பதுபோல.

அலோய்ஸ் எழுந்து நின்றார். தண்ணீர்க் குவளையை நகர்த்தத்தான் எழுந்தார் என்று பக்கத்திலிருந்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"கம்பம் தப்பு" என்றார்.

"எந்தக் கம்பம்?"

"மரத்தடிக் கம்பம். அது மரத்துக்கு வெளிப்பக்கம் வரணும். நான் வீட்டுப் பக்கம் நட்டுட்டேன். மரம் உள்ளதான் இருக்கு. மரம் போயிடும்."

"ஏன் அப்படிப் பண்ணின?" என்றாள் ஊர்சினா.

"பூத்திருந்துது."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வால்தெர் பெருமூச்சு விட்டார். "முப்பது வருஷம் வாயத் தெறக்காதவன். இன்னும் ஒரு அரை மணி நேரம் பொறுக்கக்கூடாதா?"

ஹெடி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இம்ஃபெல்ட் சார்," என்றார். அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் ஒவ்வொரு கதவாத் தட்டிச் சொன்னேன். உங்க கம்பத்த நம்பிச் சொன்னேன்." பிறகு தலைவி பக்கம் திரும்பினார். "இன்னிக்குக் கை தூக்க வேண்டாம். முதல்ல அவர் சரியா நடட்டும்."

திங்கட்கிழமை கோரான் கிளையை வெட்டினான். பச்சைக் காய்களோடு அது புல்லில் விழுந்தபோது எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. கம்பம் மரத்தின் நடுவிலிருந்து முளைத்தது போல மேலே போயிற்று. ஒன்பது மணி ஆயிற்று. காப்பி வரவில்லை. கம்பெனி முதலாளி வந்து பார்த்துவிட்டு, "உன்கிட்டேர்ந்து இத எதிர்பாக்கல, அலோய்ஸ்" என்று மட்டும் சொன்னார். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. புதன்கிழமை துணிக்கூடையோடு இறங்கிப் போனார். இயந்திரம் பளபளவென்று துடைத்திருந்தது. பஞ்சு வடிகட்டிகூடச் சுத்தம். மேலே ஒன்றுமில்லை. அதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கோடை முழுக்கப் புதன்கிழமைகள் அப்படியே போயின.

வெட்டுப்பட்ட கோபத்தில் மரம் எக்கச்சக்கமாகக் காய்த்தது. பழுக்கும் நாளை ஹெடி அறிவித்தார். கீழ்க்கிளைகளைப் பிள்ளைகள் காலி செய்தார்கள். உச்சியிலிருப்பதை அண்ணாந்து பார்த்தபடி ஹெடி கூடையோடு நின்றார். எந்த ஜன்னலையும் அவர் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. அலோய்ஸ் தானாகவே ஏணியோடு வந்து, கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியில் தடுக்காமல் மேலே ஏறினார். பழங்கள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன.

"மரத்துக்காக எனக்குக் கோபம் இல்ல," என்றார் ஹெடி கீழேயிருந்து.

"தெரியும்."

"அன்னிக்கே கிளைய வெட்டியிருந்தா, அன்னிக்கே திட்டியிருப்பேன். மறுநாள் காப்பி குடுத்திருப்பேன்."

"தெரியும், ஹெடி."

"தெரிஞ்சும் நல்லவன் வேஷம் போட்ட." பிறகு கையை நீட்டிக் காட்டி, "எடதுபக்கம் ஒரு கொத்து இருக்கு, கண்ணு தெரியலயா?" என்றார்.

'நீங்க' போய்விட்டதை அலோய்ஸ் கவனித்தார். கொத்தைப் பறித்தார்.

இரண்டாம் ஓட்டெடுப்பில் கம்பத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊர்சினா கேட்டதும் வால்தெரின் கை முதலில் போனது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஹெடியின் கை மேசை மேலேயே இருந்தது. எல்லார் கண்ணும் அலோய்ஸ் மேல். அவர் கை மெதுவாக மேலே போயிற்று.

"கம்பம் நடறவருக்குக் கருத்துகூட இருக்கா?" என்றார் யாரோ.

அலோய்ஸ் கையை இறக்காமலே பேசினார். "திட்டறவங்க சத்தமாத் திட்டுவாங்க, அது எல்லாருக்கும் கேக்குது. கம்பத்துக்குக் கீழ வந்து, வீடு கெடைக்குமான்னு மெதுவாக் கேக்கறவங்களும் இருக்காங்க. அது எனக்கு மட்டுந்தான் கேக்குது. அதான்."

கொஞ்சம் கூடுதலான கைகளில் தீர்மானம் நிறைவேறியது. சாலட் வந்தது. ஹெடி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அலோய்ஸுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீ தப்பாத்தான் கை தூக்கின. கடுகு இந்தப் பக்கம் தள்ளு."

வீடு திரும்பும்போது வெயில் இன்னும் இருந்தது. முற்றத்தில் இருவரும் நின்றார்கள். ஒரு காகம் மரத்தடிக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குக் குடுக்கப்போற வீடு எங்க வரும்? அந்தக் காக்கா இருக்கிற எடமா?"

"அது கூரை. அதுக்குக் கீழ... இன்னும் கீழ. மரத்தோட உச்சி இருக்கில்ல, அதுக்கு ரொம்ப மேல. அஞ்சாவது மாடி."

ஹெடி கண்ணுக்கு மேல் கைவைத்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்தார். "சமையலறை எந்தப் பக்கம்?"

"தெருப் பக்கம்."

"அங்கேர்ந்து ஊட்லிபெர்க் மலை தெரியுமா?"

"தெரியும்."

"உன் வீடு?"

"பக்கத்துல கேக்கலாம்னு இருக்கேன். சுவர் தடிமனா இருக்கும். தும்மினா கேக்காது."

"அப்ப ஆரோக்கியம்னு சொல்ல நான் நடந்து வரணும்." ஹெடி இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "மலை நெஜமாவே தெரியுமா, இல்ல மலையையும் நகர்த்தி நட்டிருக்கியா?"

"அளந்து பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் அலோய்ஸ்.